கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? கம்ப்யூட்டரை மாற்றுவதற்கு முன் சாவி விளக்கைப் பாருங்கள்

விடியற்காலை ஐந்து மணி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வசிக்கும் என் மாமா, டயாலிசிஸ் சிகிச்சைக்காக அத்தையை ஈப்போவுக்கு அழைத்துப் போகக் காரில் ஏறினார். சாவியைத் திருப்பினால் இன்ஜின் 'கர் கர்' என்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பதினைந்து முறையாவது முயன்றிருப்பார். கடைசியில் பேட்டரியும் இறங்கிவிட்டது. பக்கத்து லயத்துப் பையன் தன் காரில் அத்தையைக் கொண்டுபோய் விட்டான். மாமாவின் கார் இழுவை லாரியில் ஏறிப் பட்டறைக்குப் போனது.

"கம்ப்யூட்டர் போச்சு அங்கிள், மாத்தணும்" என்று சொல்லி ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் விலை கேட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்பு, மாமாவின் மகன் வீட்டு அலமாரியில் கிடந்த இரண்டாவது சாவியைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தான். ஒரே திருப்பில் கார் ஓடியது. கெட்டுப்போனது கம்ப்யூட்டர் இல்லை. அடிக்கடி கீழே விழுந்து அடிபட்ட முதல் சாவிக்குள் இருந்த, புளியங்கொட்டையைவிடச் சிறிய ஒரு சில்லுதான்.

இப்படி வீணாகப் பணம் கட்டியவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. திருட்டைத் தடுக்க வைத்த கருவியே சொந்தக்காரரைத் தடுக்கும்போது என்ன செய்வது என்று தெரிந்துவைத்துக்கொண்டால், பாதி நேரம் பட்டறைக்கே போக வேண்டியிருக்காது.

சாவிக்குள் என்ன இருக்கிறது?

இந்தக் கருவியின் பெயர் இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சில்லு இருக்கும். சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில், ரேடியோ அலையை வீசும். சில்லுக்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது. அந்த அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் ரகசிய எண்ணைத் திருப்பிச் சொல்லும். காரின் நினைவில் பதிந்திருக்கும் எண்ணோடு அது பொருந்தினால்தான் பெட்ரோலும் தீப்பொறியும் இன்ஜினுக்குப் போகும். பொருந்தாவிட்டால் ஸ்டார்ட்டர் எவ்வளவு சுற்றினாலும் பயன் இல்லை.

ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. நம் நாட்டில் 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் போன்ற பழைய கார்களுக்கு வெறும் உலோகச் சாவிதான். அதனால்தான் அந்தக் காலத்தில் எல்லாரும் உபரிப் பொருள் கடைகளில் தனியாக அலாரம் பொருத்தினார்கள். அதன் தொல்லை தனிக்கதை; பிறகு வருகிறேன்.

பேரங்காடிகளில் சாவி வெட்டும் சிறு கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சில ரிங்கிட்டுக்கு வெட்டிக் கொடுப்பது பெரும்பாலும் உலோகம் மட்டுமே. அது கதவைத் திறக்கும், சாவித் துவாரத்தில் திரும்பவும் செய்யும். ஆனால் சில்லு இல்லாததால் இன்ஜின் ஓடாது. "நேற்றுதானே புதுச் சாவி வெட்டினேன்" என்று குழம்புபவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

விளக்கு என்ன சொல்கிறது?

மீட்டர் பலகையில் கார் படமும் பூட்டு அல்லது சாவிப் படமும் சேர்ந்த சிறிய விளக்கு ஒன்று இருக்கும். சில கார்களில் அது வெறும் சிவப்புப் புள்ளி. காரைப் பூட்டிவிட்டுப் போனபின் அது மெதுவாக மினுக்கினால் அதுதான் சரி. காவல் இருக்கிறது என்று பொருள். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் அது சில விநாடிகளில் அணைந்துவிட வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலோ வேகமாக மினுக்கினாலோ கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை.

ஆகவே ஸ்டார்ட் ஆகாத காரில் உட்கார்ந்ததும் திரும்பத் திரும்பச் சாவியை முறுக்காதீர்கள். 'ஆன்' நிலையில் நிறுத்திவிட்டுப் பத்து விநாடி அந்த விளக்கைப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேளுங்கள்.

எல்லா விளக்குகளும் மங்கி, 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் அது பேட்டரி. நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே இறங்கியிருந்தால் ஏறக்குறைய காலி. பேட்டரி பலவீனமாக இருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து, சாவியைப் படிக்கும் பகுதியே தடுமாறும். அப்போது சாவி விளக்கும் எரியும். குறை சாவியில் இருப்பதாக நாம் ஏமாறுவோம். நம் வெயிலில் இரண்டு ஆண்டு ஓடிய பேட்டரியை முதலில் சந்தேகிப்பதில் தப்பில்லை.

ஸ்டார்ட்டர் பலமாகச் சுற்றி, இன்ஜின் பிடிக்காமல், சாவி விளக்கும் அணையாமல் இருந்தால் அது இம்மொபிலைசர்தான். இன்ஜின் பிடித்து ஓரிரு விநாடியில் தானாக அணைந்துபோவதும் சில கார்களில் இதே நோயின் அடையாளம். ஆனால் விளக்கு முறைப்படி அணைந்தும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் சாவியை விட்டுவிடுங்கள். பெட்ரோல் பம்ப், ஸ்பார்க் பிளக், சென்சார் என்று வேறு பக்கம் தேட வேண்டும். எண்ணெய் முள்ளையும் ஒருமுறை பாருங்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

விளக்கெல்லாம் பளிச்சென்று இருந்தும் ஸ்டார்ட்டர் சத்தமே இல்லை என்றால், ஆட்டோ கார்களில் கியர் 'பி'யில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் அழுத்தும் கார்களில் பிரேக்கை முழுமையாக மிதித்தீர்களா என்பதும் கேள்வி. அதுவும் சரி என்றால் தனியாகப் பொருத்திய அலாரம் ஸ்டார்ட்டர் கம்பியைத் துண்டித்திருக்கலாம்.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியவை

முதல் வேலை, மாமா மகன் செய்தது: இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்ப்பது. இதைவிட நல்ல சோதனை எந்தப் பட்டறையிலும் இல்லை. அது ஓடினால் காரில் குறையில்லை, முதல் சாவியில்தான் குறை.

இரண்டாவது சாவி இல்லையென்றால், இருக்கும் சாவியை வளையத்திலிருந்து கழற்றித் தனியாகப் போடுங்கள். வேறொரு காரின் சில்லுச் சாவியோ, அடுக்குமாடி வீட்டு நுழைவு அட்டையோ ஒரே கொத்தில் இருந்தால் அலைகள் குழம்பலாம். பிறகு காரை ரிமோட்டால் பூட்டித் திறந்து மீண்டும் முயலுங்கள்.

பேட்டரி முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்து மாட்டுவது சில நேரம் உதவும். அதனால் பதிவான சாவிகள் அழிந்துபோகாது, பயப்பட வேண்டாம். ரேடியோ மட்டும் ரகசிய எண் கேட்கலாம். இன்னொரு காரிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது சிவப்பும் கறுப்பும் மாறிவிடக் கூடாது. மாறினால் அன்றைக்கு உண்மையாகவே கம்ப்யூட்டர் போய்விடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பற்றி ஒரு வார்த்தை. பேட்டரி மட்டும் இறங்கிய மேனுவல் காருக்கு அது உதவும். சாவியைக் கார் ஏற்காதபோது தோட்டமே சேர்ந்து தள்ளினாலும் மூச்சுதான் வாங்கும். ஆட்டோ காரைத் தள்ளவே வேண்டாம்.

'சாவியைப் பத்து நிமிடம் ஆனில் வைத்து, மூன்று முறை செய்தால் கார் தானே கற்றுக்கொள்ளும்' என்ற வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அது அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் சிலவற்றுக்கான முறை. உங்கள் மைவிக்கும் சாகாவுக்கும் அதைச் செய்தால் மிச்சமிருக்கும் பேட்டரிதான் தீரும்.

பொத்தான் அழுத்தும் கார்களில் 'சாவி இல்லை' என்று வந்தால், பெரும்பாலும் சாவிக்குள் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். பல சாவிகளுக்கு சிஆர் 2032 பொருந்தும். திறந்து எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அதுவரை காரை ஓட்ட வழி இருக்கிறது. டொயோட்டா கார்களில் பிரேக்கை மிதித்தபடி, சின்னம் பதித்த பக்கத்தை ஸ்டார்ட் பொத்தானில் ஒட்டிவைத்து, சத்தம் வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். வேறு சில கார்களில் சாவியை வைக்கத் தனி இடம் இருக்கும். கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். கதவைத் திறக்க, சாவிக்குள்ளேயே ஒரு சிறு உலோகச் சாவி ஒளிந்திருக்கும்.

கடையில் பொருத்திய அலாரம்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. இந்த அலாரம் ஒரு ரிலே மூலம் இக்னிஷன், பெட்ரோல் பம்ப் அல்லது ஸ்டார்ட்டர் கம்பியை நடுவில் வெட்டி வைத்திருக்கும். கம்பியை முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் வருடக்கணக்கில் சூடேறித் தளரும். அப்போது கார் மேடு பள்ளத்தில் போகும்போதே அணையும், மழைக்காலத்தில் அடம்பிடிக்கும்.

ரிமோட் பேட்டரி தீர்ந்த நாளில் கதவைச் சாவியால் திறந்தால், அலாரம் உங்களைத் திருடன் என்றே நினைக்கும். இவற்றின் ரிமோட்டுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் கொண்ட 23ஏ அல்லது 27ஏ என்ற சிறிய பேட்டரி. வன்பொருள் கடையிலேயே கிடைக்கும். பல அலாரங்களுக்கு, டேஷ்போர்டுக்குக் கீழே மறைத்த ஒரு சிறு பொத்தான் இருக்கும். சாவியை ஆனில் வைத்து அதை அழுத்தினால் அலாரம் ஒதுங்கிக்கொள்ளும். அது எங்கே என்று பொருத்தியவரிடம் இன்றே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போதும் இதைக் கேளுங்கள்.

பத்து ஆண்டு தாண்டிய அலாரத்தைக் கார் வயரிங் தெரிந்தவரிடம் முழுவதும் கழற்றச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து. வெட்டிய கம்பிகளைப் பற்றவைத்து, பழையபடி சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

எலியும் வெள்ளமும்

செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பிடிக்க ஆந்தைக் கூண்டு வைக்கும் அளவுக்கு எலித்தொல்லை இருக்கிறது. அந்த எலிகள் இரவில் சூடான இன்ஜினைத் தேடி வந்து கம்பிகளைக் கடிக்கும். நேற்று மாலை ஓடிய கார் இன்று காலை நின்றால் பானட்டைத் திறந்து புழுக்கை, கடித்த கம்பி ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள்.

வெள்ளம் இன்னும் மோசம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மூழ்கிய கார்களை நாம் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் உள்ளே புகுந்த காரில் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள இணைப்புகள் மாதக்கணக்கில் மெதுவாகப் பச்சை பூத்து அரிக்கும். ஒரு நாள் ஓடி ஒரு நாள் நிற்கும் செகண்ட் ஹேண்ட் கார் என்றால், தரைவிரிப்பைத் தூக்கிச் சேறும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

இழுத்துப் போகும் முன் காப்புறுதி அட்டையைப் பாருங்கள். பல காப்புறுதிகளில் குறிப்பிட்ட தூரம் வரை இலவச இழுவைச் சேவை உண்டு. பட்டறையில் "முதலில் ஸ்கேன் செய்து என்ன கோடு வருகிறது என்று காட்டுங்கள்" என்று கேளுங்கள். பி0513 என்றால் தவறான சாவி. டொயோட்டாவில் பி2799 என்பது இம்மொபிலைசர் கோளாறு. அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்யாமல், வேறு சாவியும் போட்டுப் பார்க்காமல் கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னால் வேறு பட்டறைக்குப் போங்கள். சாவித் துவாரத்தைச் சுற்றிய சுருள் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

சிலர், "இம்மொவை ஆஃப் பண்ணிடுறேன் அண்ணே, இனிமே பிரச்சினையே வராது" என்பார்கள். மலிவாகத்தான் இருக்கும். ஆனால் அதன்பின் எந்த வெட்டுச் சாவியாலும் உங்கள் காரை ஓட்டிப் போகலாம். அமெரிக்காவில் இம்மொபிலைசர் இல்லாமல் விற்ற கியா, ஹூண்டாய் கார்களை 2022 வாக்கில் இளைஞர்கள் ஒரு யூஎஸ்பி முனையைக் கொண்டே திருடிப் போனார்கள். காப்புறுதிப் படிவத்தில் திருட்டுத் தடுப்புக் கருவி உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு இதை எடுத்துவிட்டால், கார் தொலையும் நாளில் இழப்பீடு கேட்பதும் சிக்கலாகலாம்.

ஒரே சாவியோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், அந்தச் சாவி உயிரோடு இருக்கும்போதே இரண்டாவதைப் பதிவு செய்துவிடுங்கள். வேலை செய்யும் சாவி கையில் இருந்தால் செலவு குறைவு. எல்லாம் தொலைந்தபின் போனால் அடையாள அட்டை, வாகன உரிமைச் சான்றிதழ், சில இடங்களில் போலீஸ் புகார் நகல் என்று கேட்பார்கள். காரையே இழுத்துக்கொண்டு போக வேண்டும், செலவும் பல மடங்கு. புதுக் காரோடு சாவி எண் பொறித்த சிறு தகடு வந்திருந்தால் அதைக் காருக்குள் வைக்காதீர்கள். வீட்டில் பத்திரங்களோடு வையுங்கள்.

மாமா இப்போது இரண்டாவது சாவியைத்தான் ஓட்டுகிறார். அடிபட்ட சாவிக்குப் புதிய சில்லு போட்டுப் பதிவு செய்ய, கேட்ட விலையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அது இப்போது அத்தையின் சிகிச்சை அட்டைகள் இருக்கும் பையில் கிடக்கிறது.