நீங்களே வேலை பார்த்த பிறகு டிராக்டர் 'மிஸ்' அடிக்கிறதா? எங்கே பார்க்க வேண்டும்?

ஆடிப்பட்ட உழவு தொடங்குவதற்கு முன் டீசல் ஃபில்டர் மாற்றுவது, ஏர் கிளீனர் கழுவுவது, டேப்பட் பார்ப்பது போன்ற வேலைகளைப் பல விவசாயிகள் தங்கள் கொட்டகையிலேயே செய்துகொள்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் சில சமயம், வேலை முடித்து ஸ்டார்ட் செய்தால் நேற்றுவரை சீராக ஓடிய வண்டி தட்டுத்தடுமாறும். ஐட்லிங்கில் குலுங்கும். ரோட்டவேட்டரை இறக்கினால் இழுவை இருக்காது. சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். பார்க்க வந்தவர்களில் ஒருவர் 'பம்ப் போயிருச்சு' என்பார், இன்னொருவர் 'நாசில் போயிருச்சு' என்பார். அதை நம்பி பம்பைக் கழற்றி டவுனுக்கு அனுப்பினால் பணமும் போகும், ஈரம் காய்வதற்குள் உழ வேண்டிய நாட்களும் போகும்.

நேற்று நன்றாக வேலை செய்த பம்ப் ஒரே இரவில் கெட்டுப்போவது அபூர்வம். வேலை பார்த்த பிறகு வந்த கோளாறு பெரும்பாலும் வேலை பார்த்த இடத்தில்தான் இருக்கும். எனவே புதிதாக எதையும் கழற்றுவதற்கு முன், எதையெல்லாம் தொட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாற்றிய பொருளை மட்டுமல்ல, அதை எட்டுவதற்காகத் தள்ளிவைத்த பைப், கழற்றிய கிளிப், மூடிய டேப் எல்லாவற்றையும் எழுதுங்கள். கழற்றிய பழைய ஃபில்டர், ரிங், வாஷர்களைக் கோளாறு தீரும்வரை தூக்கி எறியாதீர்கள். பல நேரம் விடை அந்தக் குப்பையில்தான் கிடக்கும்.

சத்தமும் புகையும் சொல்வது

இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு இரண்டு நிமிடம் கவனியுங்கள். தாளம் தவறாமல், ஒரே இடைவெளியில் ஒரு அடி விடுபட்டுக்கொண்டே இருந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்று பொருள். சத்தம் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கினாலோ, அணைவதுபோல் போய்த் திரும்பி வந்தாலோ, எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் கோளாறு. டீசல் லைனில் காற்று நுழைந்திருக்கும் அல்லது டீசல் போதுமான அளவு வரவில்லை.

கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வெளியே வருகிறது. கரும்புகை என்றால் இன்ஜினுக்குக் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகமாகப் போகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஏர் கிளீனரைத் தொட்டவர்கள் கரும்புகையையும் நீலப் புகையையும், டீசல் லைனைத் தொட்டவர்கள் வெள்ளைப் புகையையும் கவனிக்க வேண்டும்.

டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு

சொந்த வேலையில் வரும் மிஸ்ஸிங்கில் அதிகம் பார்ப்பது இதைத்தான். 'ஏர் பிடிச்சிருச்சு' என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருமுறை ஏர் எடுத்த பிறகும் மறுநாள் காலை மீண்டும் ஏர் பிடித்திருந்தால், காற்று எங்கோ புதிதாக நுழைகிறது. அந்த வழியை அடைக்காமல் கைப்பம்பை எத்தனை முறை அடித்தாலும் பயனில்லை.

முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ரப்பர் ரிங்கைப் பாருங்கள். பழைய ரிங் தலையின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் புது ரிங்கை அதன் மேல் வைத்துப் பூட்டினால் இரண்டும் சேர்ந்து நெளியும், காற்று நுழையும். கழற்றிய பொருட்களில் பழைய ரிங் இல்லையென்றால் அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அடுத்தது, பைப்பைப் பிடிக்கும் போல்ட்டின் இரு பக்கமும் வரும் செம்பு வாஷர்கள். நசுங்கிய பழைய வாஷரையே திரும்பப் போட்டால் சரியாக உட்காராது. அதற்காக முறுக்கி இறுக்கினால் போல்ட்டின் மரைதான் போகும். புது வாஷரின் விலை மிகக் குறைவு.

இரட்டைக் கிண்ணம் உள்ள வண்டிகளில் பொதுவாக முதல் கிண்ணத்தில் துணி ஃபில்டரும் இரண்டாவதில் பேப்பர் ஃபில்டரும் வரும். இரண்டையும் இடம் மாற்றிப் போடுவது சாதாரணமாக நடக்கிறது. போட்ட அன்று தெரியாது. பேப்பர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொண்டு, லோடில் இழுவை குறையும்போதுதான் தெரியும். டேங்கிலிருந்து வரும் டீசல் முதலில் எந்தக் கிண்ணத்துக்குப் போகிறது என்று பைப்பைத் தொடர்ந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஏர் எடுக்கும்போது டீசல் போகும் பாதையிலேயே வர வேண்டும். டேங்கில் போதிய டீசல் இருக்கட்டும், டேப் முழுதாகத் திறந்திருக்கட்டும். முதல் ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று, குமிழி இல்லாமல் டீசல் வந்ததும், அடித்துக்கொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். பிறகு இரண்டாவது ஃபில்டர், அதன் பிறகு பம்பில் உள்ள ஏர் ஸ்க்ரூ. ஸ்க்ரூ இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். வண்டியோடு வந்த கையேட்டில் படம் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் போகாதீர்கள், இடையில் ஒரு நிமிடம் விடுங்கள். ஏர் எடுக்கப்போய் செல்ஃப் மோட்டாரைக் கருக்கியவர்கள் உண்டு.

காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. டேங்க் பம்புக்கு மேலே இருக்கும் வண்டிகளில், ஓடும்போது காற்றை உறிஞ்சும் இணைப்பு, நிற்கும்போது டீசலைக் கசியவிடும். இன்ஜின் ஆறிய பிறகு எல்லா இணைப்புகளையும் துடைத்து உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, டேப்பைத் திறந்தபடி இரவு விட்டுவிடுங்கள். காலையில் பவுடர் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் வேலை.

வண்டி அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறி நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆனால், டேங்க் மூடியைப் பாருங்கள். மூடியில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு. வண்டி கழுவும்போது அதில் சேறு அடைத்திருக்கலாம். மூடியைத் தளர்த்திவைத்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால்

எந்தச் சிலிண்டர் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். வேலை செய்யும் சிலிண்டரின் வாயில் சொட்டு சட்டென்று காயும், வேலை செய்யாததில் அப்படியே நிற்கும். சொட்டுதான் தெளிக்க வேண்டும். சூடான வார்ப்பில் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும்.

நாசிலைக் கழற்றிச் சர்வீஸ் செய்து மாட்டியவர்கள் அதன் அடியில் உள்ள செம்பு வாஷரைச் சந்தேகப்படுங்கள். பழைய வாஷர் குழிக்குள்ளேயே தங்கியிருக்க, புதியது நாசிலோடு இறங்கினால் நாசில் மேலே தூக்கி நிற்கும். டீசல் தெளிக்க வேண்டிய இடத்தில் தெளிக்காது. வாஷரே இல்லாமல் மாட்டினால் கம்ப்ரஷன் வெளியேறும். நாசிலைச் சுற்றி 'சஸ் சஸ்' என்று சத்தமும் கரியும் வரும். மூன்று நாசில் கழற்றினால் மூன்று பழைய வாஷர் வெளியே வந்திருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்.

வாஷர் சரியாக இருந்தும் கோளாறு தீரவில்லையா? சந்தேகப்படும் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கும், அங்குள்ளதை இங்கேயும், புது வாஷரோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் நாசில்தான் குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால் பம்ப், வால்வு அல்லது கம்ப்ரஷன். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. இவ்வளவும் பார்த்துவிட்டுப் போனால், எந்தச் சிலிண்டர், எது இல்லை என்று அவரிடம் உறுதியாகச் சொல்லலாம். தேவையில்லாமல் பம்பைப் பிரிக்கும் செலவு மிஞ்சும்.

ஹை பிரஷர் பைப்பைத் தொடும் முன்

பழைய வகைப் பம்ப் உள்ள டிராக்டர்களில், ஓடும் இன்ஜினில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். அந்தப் பைப்பில் டீசல் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் வருகிறது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். மேலே சொன்ன தண்ணீர்ச் சொட்டு முறை இருக்கும்போது, பழக்கமில்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

சி.ஆர்.டி.ஐ. வண்டிகளில் யாரும் இதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கும் மேல். இன்ஜின் மேல் தடித்த பொதுக்குழாய் ஒன்றிருந்து, அதிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் பைப் போய், நாசில் தலையில் மின்வயர் மாட்டியிருந்தால் அது சி.ஆர்.டி.ஐ. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த டிரெம் 4 மாசு விதி 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கானது என்பதால், அந்த ரகப் புது வண்டிகளில் இது பரவலாக வருகிறது. டீசல் கார்களிலும் பிக்கப் வண்டிகளிலும் இதற்கு முன்பே வந்துவிட்டது. இவற்றுக்குப் புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பிப் பூட்டும் வழக்கமும் ஆகாது. கேனில் உள்ள தூசி நேராகப் பம்புக்குள் போய்விடும்.

கசிவு இருக்கிறதா என்று ஹை பிரஷர் பைப் மேல் கையை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. மருந்து போட்டுக் கட்டிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போய், 'பிரஷரில் வந்த டீசல் உள்ளே போயிருக்கிறது' என்று சொல்லுங்கள். கசிவைப் பார்க்க அட்டைத் துண்டு போதும்.

டேப்பட், ஏர் கிளீனர்

டேப்பட் இடைவெளியை இறுக்கமாக வைத்துவிட்டால், இன்ஜின் சூடானதும் வால்வு முழுதாக மூடாமல் மிஸ் அடிக்கும். ஆறியிருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் மிஸ் வந்தால் இதைப் பாருங்கள். அளவு மாடலுக்கு மாடல் மாறும். ஆறிய நிலையில் வைக்க வேண்டுமா, சூட்டில் வைக்க வேண்டுமா என்பதும் கையேட்டில் இருக்கும். பக்கத்துத் தோட்டத்து வண்டியின் அளவை வைக்காதீர்கள்.

ஆயில் பாத் ஏர் கிளீனரில் குறிக்கு மேல் ஆயில் ஊற்றினால் இன்ஜின் அதை உறிஞ்சும். நீலப் புகையோடு, ஆக்ஸிலேட்டர் கொடுக்காமலே வேகம் ஏறினால் உடனே ஸ்டாப் நாபை இழுத்து நிறுத்துங்கள். கழுவிய பிறகு ஹோஸ் உள்பக்கம் மடிந்திருந்தாலோ, துடைத்த துணி உள்ளேயே தங்கிவிட்டாலோ கரும்புகை வரும்.

பவர் வீடரும் பெட்ரோல் காரும்

பெட்ரோல் இன்ஜினில் டீசலுக்குப் பதில் பொறியைத் தேட வேண்டும். பவர் வீடரில் புது பிளக் போட்ட பிறகு மிஸ் என்றால் பிளக் தொப்பி 'டக்' என்று உட்கார்ந்திருக்கிறதா, பிளக் நம்பர் பழையதோடு ஒத்துப்போகிறதா, இடைவெளி சரியா என்று பாருங்கள். இந்த வகை இன்ஜின்கள் பலவற்றில் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை. போன பருவத்துப் பெட்ரோல் டேங்கில் இருந்தால் அதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் கிடப்பில் ஈரம் இழுக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வேன், கார்களில் பிளக் வயர் இரண்டு இடம் மாறியிருந்தால் வண்டி குலுங்கும், பின்னால் வெடிக்கும். ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டினால் இந்தக் குழப்பமே வராது. புது கார்களில் காயில் சாக்கெட் பூட்டு விழுந்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் ஹோஸ் கிளிப் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனர் போட்டால் பி0301 என்பது முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் அல்ல. இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும். அதன் விலை அதிகம்.

டிராக்டரிலும் 'சமாளித்து இரண்டு ஏக்கர் உழுதுவிடலாம்' என்று மிஸ்ஸிங்கோடு ஓட்டுவது ஆபத்து. வேலை செய்யாத சிலிண்டரில் எரியாத டீசல் சுவரை நனைத்துக் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். கோளாறு தீர்ந்த பிறகு டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் முன்பைவிட ஏறியிருந்து, தொட்டால் தண்ணீர்போல் இளகி டீசல் வாடை அடித்தால், ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே வயலில் இறக்குங்கள்.