இரு நூல்களும் இரு உலகங்களும்

விஞ்ஞானிகள் தம் ஆய்வுரைகளைப் பெரும்பாலும் தம்மொத்த அறிஞர்க்கே எழுதுகின்றனர். ஆயின், அவ்வாய்வின் கருத்தைப் பொதுவாசகர்க்கு விளக்கும் நூலோ படிப்போரின் அறிவை மட்டுமன்றி உலகநோக்கையும் மாற்றவல்லது. பிரெஞ்சு மொழியில் ஒன்பதாண்டு இடையீட்டில் வெளிவந்த இரு நூல்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

முதலாவது, ஜாக் மொனோ 1970 இல் வெளியிட்ட 'தற்செயலும் நியதியும்' என்பது. மொனோ 1965 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்ற உயிரியலறிஞர். பரம்பரைச் செய்தியில் தற்செயலாக நேரும் மாற்றங்களே உயிருலகின் புதுமைகளுக்கு ஊற்று. அவற்றை இயற்கைத் தேர்வு வடித்தெடுக்கின்றது. இவற்றுக்கு அப்பால் நோக்கம் யாதுமில்லை என்பது அவர் துணிபு. மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையே முன்னோர் கண்ட பழைய உறவு அறுந்தது என்றும், தன்னைப் பொருட்படுத்தாப் பேரண்டத்தில் மனிதன் தனியன் என்றும் அவர் முடித்தார்.

இரண்டாவது, இலியா பிரிகோஜின், தத்துவ அறிஞர் இசபெல் ஸ்ரெங்கர்சுடன் இணைந்து 1979 இல் வெளியிட்ட 'புதிய உறவு' என்பது. நூலின் பெயரே மொனோவுக்கு மறுமொழியாக அமைந்தது. 1917 இல் மொஸ்கோவிற் பிறந்து பெல்சியத்தில் வாழ்ந்த பிரிகோஜின், 1977 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி, காலம் செல்லச்செல்ல ஒழுங்கு குலையும் எனக் கூறுவதாகப் பலர் கருதுவர். வெளித்தொடர்பு முற்றும் அற்ற தொகுதிக்கே அது பொருந்தும். சக்தியையும் பொருளையும் வெளியிலிருந்து பெற்று, சமநிலைக்குத் தொலைவில் நிற்கும் தொகுதியிலோ ஒழுங்கு தானே தோன்றலாம். கீழிருந்து சூடேற்றப்படும் மெல்லிய திரவப் படையில் அறுகோணக் கலங்கள் வரிசையாக உருவாதலை ஹென்றி பெனார் 1900 ஆம் ஆண்டளவிலேயே கண்டு காட்டினார். அங்கு வரைபவர் எவருமிலர். வெப்பத்தின் ஓட்டமே கோலமிடுகின்றது.

உலகநோக்கு ஆய்வுக்கே தடையாதலும் உண்டு. சோவியத் இரசாயனர் பொரிஸ் பெலூசோவ், சித்திரிக்கமிலம், புரோமேற்று, சீரியம் ஆகியவை சேர்ந்த கரைசல் மஞ்சளாகவும் நிறமற்றதாகவும் மாறிமாறித் தோன்றக் கண்டார். 1951 இல் அவர் அனுப்பிய கட்டுரை, அத்தகைய நிகழ்ச்சி இயலாதது என்று மறுக்கப்பட்டது. 1959 இலேயே ஒரு சிறு குறிப்பு அச்சேறியது. 1961 முதல் ஷபோட்டின்ஸ்கி என்னும் இளைஞர் அதனை மேலும் ஆராய்ந்தார். 1968 இல் பிராக் நகரிற் கூடிய மாநாட்டின் வழியாக மேலைநாட்டார் அதனை அறியலாயினர். 1970 இல் மறைந்த பெலூசோவுக்கு லெனின் பரிசு 1980 இலேயே கிட்டியது. கரைசல் கண்முன்னே நிறம் மாறியும், கொள்கை கண்ணை மறைத்தது.

'புதிய உறவு' 1984 இல் 'குலைவினின்று ஒழுங்கு' என்னும் பெயரில், அல்வின் ரொவ்லரின் முன்னுரையோடு ஆங்கிலத்தில் வந்தது. சிக்கலமைவுகளை ஆராயும் சாந்தா ஃபே நிறுவனம் தோன்றியதும் அதே ஆண்டிலாகும். நிலைகுலையும் தறுவாயில் ஒரு சிற்றசைவும் முழுத் தொகுதியின் போக்கை மாற்றலாம் என்பதைப் படித்தோர், தனிமனிதனின் முயற்சி வீண்போகாது என்னும் நம்பிக்கையை அதனின்று பெற்றனர். இயந்திரமாகத் தோன்றிய உலகம் அவர்க்கு வளரும் பொருளாகத் தோன்றிற்று.

எனினும், உவமை வேறு, நிறுவல் வேறு. மூலக்கூறுகளுக்கு அறிவும் நோக்கமும் இல்லை, மாந்தர்க்கு உண்டு. தானே அமையும் ஒழுங்கு என்னும் ஒரே கருத்தைக் கொண்டு, சந்தையை அதன் போக்கில் விடுக எனச் சிலரும், மக்கள் தம்மைத் தாமே ஆள விடுக எனச் சிலரும் வாதித்தனர். இரசாயனம் இவ்வழக்கில் தீர்ப்புக் கூறாது. மேலும், தானே அமைவதெல்லாம் நன்றென்பதும் இல்லை. கட்டளையிடுவோர் இன்றியே வதந்தி ஊரெங்கும் பரவுகின்றது. கூட்டத்தின் வெறியும் அவ்வாறே மூளுகின்றது.

விஞ்ஞானம் உரைக்கும் உண்மையிலிருந்து ஒழுக்கத்தின் விழுமியம் தானாகப் பிறவாது என மொனோ வற்புறுத்தினார். அவ்வெச்சரிக்கை பிரிகோஜினின் நூலைப் படிப்போர்க்கும் வேண்டுவதே. புதியது தோன்ற இயற்கையில் இடமுண்டு என்பதைப் பிரிகோஜினிடம் கற்கலாம். தோன்றுவனவற்றுள் எதனைப் பேணுவது, எதனைத் தடுப்பது என்னும் பொறுப்போ மனிதனிடமே எஞ்சுகின்றது.