ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தால்

தவணைப் பரீட்சை நெருங்கினால் பாடசாலை அலுவலகத்தில் ஒரே கேள்விதான். "சேர், எத்தனை ரீம் இருக்கு?"

ரீம் என்பதை ஆங்கிலச் சொல் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். அதன் வேர் அரபியின் 'ரிஸ்மா'. கட்டு என்று பொருள். 'காகிதம்' என்பதும் வந்த சொல்தான்; பாரசீகத்தில் காகஸ், அரபியில் காகித். தாளை உலகுக்குப் பரப்பியவர்கள் முஸ்லிம்கள் என்று மேடையிலும் முகநூலிலும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பொய்யில்லை. சீனர்களின் கலை சமர்க்கந்துக்கு வந்து, பக்தாதில் வேரூன்றி, ஸ்பெயின் வரை போனது. அங்கே ஷாதிபா நகரில் செய்யப்பட்ட தாளை 12ஆம் நூற்றாண்டிலேயே அல் இத்ரீஸி புகழ்ந்து எழுதியிருக்கிறார்.

ஆனால் நாம் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறோம். மீதிக் கதை இத்தாலியில், அப்பனைன் மலையடிவாரத்தில் இருக்கும் ஃபாப்ரியானோ என்ற சிறிய ஊரில் நடந்தது.

அந்த ஊரில் பெரிய செல்வம் எதுவும் இல்லை. ஜியானோ என்ற ஆறு இருந்தது. கம்பளி நெய்வோர், தோல் பதனிடுவோர், கொல்லர் இருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் தாள் செய்யும் கலை அங்கே வந்தபோது ஐரோப்பாவில் அதற்கு மதிப்புக் குறைவு. 1231இல் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், அரச ஆவணங்களைத் தாளில் எழுதக்கூடாது, தோலில்தான் எழுத வேண்டும் என்று சட்டமே போட்டார். தாள் நிலைக்காது என்பது அவர்கள் எண்ணம்.

அதில் உண்மையும் இருந்தது. அரபுலகத் தாளுக்கு மாப்பசை பூசுவார்கள். வரண்ட நாட்டில் அது நன்றாக நிற்கும். ஈரமான நாட்டில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். ஃபாப்ரியானோக்காரர் பக்கத்துத் தோல் பட்டறைகளில் கழிக்கப்பட்ட துண்டுகளைக் காய்ச்சி ஜெலட்டின் எடுத்துப் பூசினார்கள். (ஜெலட்டின் என்றதும் எமக்கு வேறொரு கேள்வி எழும். அதற்கும் வருவோம்.) கந்தல் துணியை ஆற்று நீரின் விசையில் இயங்கும், ஆணி பதித்த சம்மட்டிகளால் கூழாக்கினார்கள். அடுத்து, கூழை அள்ளும் கம்பிச் சல்லடையில் மெல்லிய கம்பியை வளைத்து ஓர் உருவத்தைத் தைத்துவிட்டார்கள். அந்த இடத்தில் கூழ் மெலிதாகப் படியும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் உருவம் தெரியும். அதுதான் நீர்க்குறி. இன்று அறியப்பட்ட மிகப் பழையவற்றுள் ஒன்று 1282ஆம் ஆண்டுக்குரியது. பணத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்தின் ஆரம்பம் இங்கேதான். ஆலைக்கு ஆலை வேறு குறி இருந்ததைப் பக்கத்து ஊரான சஸ்ஸோஃபெராட்டோவில் பிறந்த சட்ட அறிஞர் பார்த்தோலோ 14ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார்.

தாள் மலிந்தது, தரமும் உயர்ந்தது. இத்தாலிய வணிகர் அதை எங்கே கொண்டுபோய் விற்றார்கள்? எந்த உலகத்திலிருந்து கலை வந்ததோ அங்கேயே. வட ஆபிரிக்காவில் உள்ளூர்த் தாள் தொழில் நலிந்தது.

இப்போது அந்தக் கேள்வி. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள திலிம்ஸான் நகரில், ஹிஜ்ரி 812இல், அதாவது 1409இல், இமாம் இப்னு மர்ஸூக்கிடம் ஒரு பிரச்சினை வந்தது. ரூமிகள் செய்த தாளில் எழுதலாமா? செய்தவர்கள் வேற்று மதத்தவர்கள். போதாக்குறைக்கு வெளிச்சத்தில் பிடித்தால் சிலுவை தெரிகிறது. இதில் அல்லாஹ்வின் பெயரை எழுதுவது எப்படி?

அவர் நீண்ட ஃபத்வா ஒன்று எழுதினார். எழுதலாம் என்பதே தீர்ப்பு. சிலுவையின் மேல் அல்லாஹ்வின் பெயரை எழுதுவது பொய்யிருந்த இடத்தில் உண்மையை வைப்பதாகும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. அந்த நகரிலும் ஒரு காலத்தில் தாள் செய்திருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எமக்கு இந்த ஃபத்வாவை முதன்முதலில் அறிந்தபோது பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. பெருமை அந்த இமாமின் நிதானத்துக்கு. வெட்கம், கற்றுக்கொடுத்தவர்கள் இருநூறு வருடத்துக்குள் வாங்குபவர்களாகி, 'வாங்கலாமா' என்று கேட்டுக்கொண்டு நின்றதற்கு.

ஃபாப்ரியானோவில் பழைய தொமினிக்கன் மடம் ஒன்று இப்போது தாள் அருங்காட்சியகம். தொட்டியில் சல்லடையை முக்கி, ஒவ்வொரு தாளாகக் கையால் எடுத்துக் காட்டுகிறார்கள். 2013இல் யுனெஸ்கோ அவ்வூரைப் படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. 1782இல் பியெத்ரோ மிலியானி தொடங்கிய ஆலையின் பெயரில் ஓவியர்களுக்கான தாள் இன்றும் உலகெங்கும் விற்பனையாகிறது.

ஆனால் நாம் ரீம் கணக்கில் வாங்கும் அந்தச் சாதாரண போட்டோக் கொப்பித் தாளை இனி அங்கே செய்வதில்லை என்று 2024இல் அறிவித்துவிட்டார்கள். இலாபம் இல்லையாம்.