பெயரளவில் புதுப்பிப்பு: ஒஹையோ மாநிலப் பள்ளி வரி வாக்கெடுப்புகள்

முன்னுரை

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பொதுப் பள்ளிகளின் செலவில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்துவரியால் ஈடுசெய்யப்படுகிறது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் விதிக்கப்படும் பள்ளி வரி தொடர வேண்டுமாயின், வாக்காளர்கள் அதற்கு மீண்டும் ஒப்புதல் அளிக்க வேண்டும். இது 'புதுப்பிப்பு' எனப்படும். முன்பிருந்த வருவாய் குறைவின்றித் தொடர்வதாக இச்சொல் உணர்த்துகிறது. ஆயினும் 1976-க்குப் பின் அது பெரும்பாலும் உண்மை மதிப்பில் தேய்ந்துவரும் வருவாயையே குறித்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரி வரம்பும் வாக்கெடுப்பும்

வாக்கெடுப்பின்றி விதிக்கத்தக்க சொத்துவரிக்கு 1929-ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தம் 15 மில் என வரம்பிட்டது. ஒரு மில் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. பெருமந்தக் காலத்தில், 1933-இல், இவ்வரம்பு 10 மில்லாகக் குறைந்தது. கவுண்டி, நகராட்சி, பள்ளி மாவட்டம் ஆகியவை இதனைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்ததால், பள்ளிகள் வாக்காளர்களின் ஒப்புதலைச் சார்ந்திருப்பது தவிர்க்கவியலாததாயிற்று. இச்சார்பின் விளைவை யங்ஸ்டவுன் நகரம் காட்டியது. அங்கு வரி முன்மொழிவுகள் தொடர்ந்து நிராகரிக்கப்பட்டதால், 1968-இன் இறுதியில் பள்ளிகள் மூடப்பட்டன.

1976-ஆம் ஆண்டுச் சட்டம்

பணவீக்கத்தால் வீட்டு மதிப்புகள் உயர, வாக்கெடுப்பின்றியே வரிச்சுமையும் ஏறியது. இதனைத் தடுக்கவே 920-ஆம் எண் அவை மசோதா 1976-இல் சட்டமாயிற்று. மறுமதிப்பீட்டில் சொத்து மதிப்பு உயர்ந்தால், வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட வரியின் நடைமுறை விகிதம் அதற்கேற்பக் குறையும். எடுத்துக்காட்டாக, 35,000 டாலர் வரி மதிப்புடைய வீட்டுக்கு 10 மில் வீதம் வரி 350 டாலர். மாவட்டத்தின் வீடுகள் அனைத்தின் மதிப்பும் 25 விழுக்காடு உயர்ந்தால், அவ்வீட்டின் வரி மதிப்பு 43,750 டாலராகும். விகிதம் 8 மில்லாகச் சரியும். வரி அதே 350 டாலராகவே நிற்கும். பள்ளி நடப்புச் செலவுக்கான மொத்த விகிதம் 20 மில்லுக்குக் கீழ் இறங்காது என்ற தளவரம்பு மட்டுமே இதற்கு விலக்காக அமைந்தது. ஊதியமும் எரிபொருள் செலவும் ஏறும்போது மாறா வருவாயின் வாங்கும் திறன் குறைகிறது. எனவே புதுப்பிப்பில் வென்ற மாவட்டமும் கூடுதல் வரி கோரி மீண்டும் வாக்காளர்களை அணுக வேண்டியதாயிற்று.

நீதிமன்றமும் சட்டமன்றமும்

முழுமையும் திறனும் வாய்ந்த பொதுப் பள்ளி அமைப்பை உறுதிசெய்யும் கடமையை 1851-ஆம் ஆண்டின் அரசமைப்பு மாநிலச் சட்டமன்றத்திடம் ஒப்படைத்திருந்தது. பெர்ரி கவுண்டியில் தொடங்கிய டிரோல்ஃப் வழக்கில், 1997 மார்ச் 24 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற பெரும்பான்மையில் நிதியமைப்பு அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. உள்ளூர்ச் சொத்துவரியை மிகையாகச் சார்ந்திருப்பதை அது முதன்மைக் குறையாகச் சுட்டியது. 2000, 2002 தீர்ப்புகளும் இதனை வலியுறுத்தின. எனினும் 2003-இல் நீதிமன்றம் வழக்கின் மேற்பார்வையிலிருந்து விலகியது. வாக்கெடுப்பு முறை நீடித்தது.

வீட்டு உரிமையாளர்களுக்காக மாநில அரசு ஏற்றுவந்த 10 விழுக்காடு, 2.5 விழுக்காடு வரிச்சலுகைகள் புதிய வரிகளுக்கு இல்லை என 2013-இல் முடிவாயிற்று. புதுப்பிக்கப்படும் வரிகளுக்கு அவை தொடர்ந்தன. இதனால் வாக்காளர்க்கு எளிதான புதுப்பிப்புக்கும், பள்ளிக்குத் தேவையான கூடுதல் வரிக்கும் இடையிலான இடைவெளி மேலும் விரிந்தது.

முடிவுரை

வரி செலுத்துவோரைப் பணவீக்கத்திலிருந்து காத்த சட்டம், அச்சுமையைப் பள்ளிகளின் மீது மாற்றியது. வாக்கெடுப்பு மக்களாட்சி உரிமை என்பதில் ஐயமில்லை. ஆனால் வாக்காளர் முன் வைக்கப்படும் 'புதுப்பிப்பு' என்னும் சொல், அவர்கள் எதைத் தொடரச் செய்கின்றனர், எதைக் குறையவிடுகின்றனர் என்பதை வெளிப்படுத்துவதில்லை. ஒஹையோவின் பள்ளி நிதிச் சிக்கலை வாக்காளர்களின் மனநிலையால் மட்டும் விளக்குவது பொருந்தாது. வரிச் சட்டத்தின் அமைப்பும் அதற்குரிய காரணமாகும்.