கல்லைக் கரைத்தது யார்?

இரண்டு நாளாக ஒரு பழைய வழக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியின் கொலோன் தேவாலயம். 1248இல் தொடங்கி 1880இல்தான் கட்டி முடித்தார்கள். அதன் கல் உதிர்வதற்கு ஆலைப்புகையும் வண்டிப்புகையும்தான் காரணம் என்பது ஊரறிந்த பேச்சு. அதில் உண்மையும் இருக்கு. ஆனால் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் எபர்ஹார்ட் போக் குழுவினர் அந்தக் கல்லுக்குள்ளேயே பாக்டீரியாக்களைக் கண்டார்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். வழியில் பிறக்கும் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும்.

புது விஷயம் இல்லை. 1890இலேயே பிரெஞ்சு வேதியியலாளர் முன்ட்ஸ் ஆல்ப்ஸ் மலைப் பாறைகளில் இதே உயிர்களைப் பார்த்துவிட்டார்.

அப்போ கல்லில் நைட்ரேட் இருந்தால் பாக்டீரியாதானே குற்றவாளி? அங்கதான் சிக்கல். வண்டிப்புகையும் அதே நைட்ரேட்டைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். ஆளை மாற்றிப் பிடித்தால் வைத்தியமும் தப்பாகிவிடும். கிருமிநாசினி அடித்துப் புகையை நிறுத்த முடியுமா?

சரி, எண்ணிப் பார்க்கலாமே என்றால் தலைக்கணக்கு போதாது. வாக்காளர் பட்டியல் வேறு, ஓட்டுப் போட்டவர்கள் வேறு. காய்ந்த கல்லில் இவை சும்மா தூங்கிக்கூடக் கிடக்கலாம். அதனால் வேலையையே அளக்கிறார்கள். கல்பொடியை அம்மோனியக் கரைசலில் போட்டு, நைட்ரைட் எவ்வளவு வேகமாகச் சேருகிறது என்று பார்ப்பது ஒரு வழி. இரண்டாவது கூட்டம் அதைத் தின்றுவிடாமலிருக்கக் குளோரேட் கலப்பார்கள். (கெட்டிக்காரத்தனமான தடுப்பு!)

ஆனாலும் அது விருந்து வைத்து அளந்த பசி. சுவரில் கிடைப்பதோ புறா எச்சமும், காற்றில் வரும் கொஞ்சம் அம்மோனியாவும், எப்போதாவது மழையும்.