குழிமுனைத் தோட்டா

குழிமுனைத் தோட்டா என்பது, குண்டின் முன்முனையில் குழி அமைந்த துப்பாக்கித் தோட்டா வகை ஆகும். இதன் குண்டு மென்மையான இலக்கில் பாயும்போது முன்பகுதி விரிந்து அகலமாகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்கும் தற்காப்புக்கும் வைத்திருக்கும் கைத்துப்பாக்கிகளிலும், காவல்துறையினரின் கைத்துப்பாக்கிகளிலும் இது பரவலாகப் பயன்படுகின்றது. ஆயினும், நாடுகளுக்கிடையேயான போரில் விரியும் குண்டுகளைப் பயன்படுத்துவதைப் பன்னாட்டு உடன்பாடு தடை செய்கின்றது.

அமைப்பும் செயற்பாடும்

தோட்டா ஒன்று கூடு, தீமூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கு உறுப்புக்களைக் கொண்டது. பயிற்சிக்கான தோட்டாக்களில் பெரும்பாலும் ஈயக் குண்டின் முனையும் பக்கங்களும் செப்பு உறையால் மூடப்பட்டிருக்கும். இக்குண்டு உருக்குலையாமல் ஆழமாகச் செல்வதால், உடலைத் துளைத்து மறுபுறம் வெளியேறக்கூடும். குழிமுனைக் குண்டு உடலில் பாயும்போது, குழிக்குள் புகும் திசுக்களின் அழுத்தத்தால் அதன் சுவர் வெளிப்புறமாக மலர்கின்றது. 9 மிமீ விட்டமுள்ள குண்டு 13 மிமீக்கு மேல் விரிவதும் உண்டு. இதனால் காயம் அகலமாகின்றது. குண்டு உடலுக்குள்ளேயே நின்றுவிடும் வாய்ப்பும் கூடுகின்றது.

வரலாறு

1890களில் கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலத் தொழிற்சாலையில், பிரித்தானியப் படையினரின் .303 ரைபிள்களுக்காக முனையில் ஈயம் வெளித்தெரியும் குண்டு உருவாக்கப்பட்டது. விரியும் குண்டுகளுக்கு "டம்டம்" என்ற பொதுப்பெயர் இவ்வாறே வந்தது. இவை ஏற்படுத்தும் கடுங்காயங்களுக்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக, 1899 ஆம் ஆண்டின் ஹேக் சாற்றுரை, அதனை ஏற்ற நாடுகளுக்கிடையேயான போரில் இவற்றைத் தடை செய்தது. உள்நாட்டுக் காவல் பணியும் தனியார் தற்காப்பும் இச்சாற்றுரையின் வரம்புக்குள் வருவதில்லை.

ஊடுருவல் அளவை

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில், நடுவண் புலனாய்வுச் செயலகத்தைச் (எஃப்.பி.ஐ.) சேர்ந்த இரு அலுவலர்கள் கொல்லப்பட்டனர். கொள்ளையர்களில் ஒருவனின் மேற்கையைத் துளைத்து மார்புக்குள் சென்ற 9 மிமீ குழிமுனைக் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றது; அவன் தொடர்ந்து சுட்டான். இதன்பின் அச்செயலகம் குண்டு விரிந்தால் மட்டும் போதாது, போதிய ஆழமும் செல்ல வேண்டும் எனக் கருதியது. 10% செறிவுள்ள செலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் (ஏறத்தாழ 30 - 46 செமீ) ஊடுருவுதல் விரும்பத்தக்க அளவாக ஏற்கப்பட்டது. தடித்த துணி, சுவர்ப்பலகை, ஒட்டுப்பலகை, தகரம், வண்டிக் கண்ணாடி ஆகியவற்றின் ஊடாகவும் சுட்டுச் சோதிக்கப்படுகின்றது.

கருத்து வேறுபாடுகள்

இலக்கின் பின்னால் நிற்போருக்கு ஆபத்து குறைவு என்பது ஆதரிப்போர் வாதம். நியூயார்க் நகரக் காவல்துறை 1998 இல் இவற்றுக்கு மாற முடிவு செய்தபோதும் இதுவே முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. சுடப்படுபவரின் காயம் மிகக் கடுமையாகும் என்பது எதிர்ப்போர் வாதம். நியூ செர்சி மாநிலத்தில் இவற்றை வீட்டில் வைத்திருக்கலாம்; வெளியே கொண்டு செல்லக் கட்டுப்பாடுகள் உள்ளன.

வீட்டுக்குள் இவை தீங்கற்றவை என்று கருதுவது தவறாகும். அமெரிக்க வீடுகளின் சுண்ணச்சாந்துப் பலகைச் சுவர்களைத் துளைக்கும்போது குழி தூளால் அடைபட்டு, குண்டு விரியாமலேயே அடுத்த அறைகளுக்குள் செல்லக்கூடும். இலக்கில் படாத குண்டுக்கும் இது பொருந்தும். எனவே, தோட்டாவின் வகை எதுவாயினும், இலக்கு யார், அதன் பின்னால் யார் உள்ளனர் என்பதை உறுதி செய்வது சுடுபவரின் பொறுப்பாகவே உள்ளது.

இவற்றையும் பார்க்க

- கைத்துப்பாக்கி
- தோட்டா
- ஹேக் மாநாடுகள்