துப்பாக்கிகள் ஓய்ந்த மூன்று ஞாயிறுகள்

1985 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை. மத்திய அமெரிக்காவின் மிகச் சிறிய நாடான எல் சால்வதோரில் ஐந்தாண்டுகளாக எரிந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போர் அன்று ஒருநாள் தணிந்தது. அரசுப் படையினரும் கெரில்லாக்களும் வழிவிட, தாய்மார் தம் குழந்தைகளை இடுப்பில் சுமந்துகொண்டு தடுப்பூசி முகாம்களுக்கு நடந்தனர். மார்ச் 3, ஏப்ரல் 21 ஆகிய ஞாயிறுகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது. முத்தடுப்பு ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் இடைவெளி விட்டு மும்முறை தரப்பட வேண்டியவை. ஆகவே போரும் மும்முறை நிற்க வேண்டியிருந்தது.

இதற்கு வித்திட்டவர் அன்றைய யூனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட். 1984இல் எல் சால்வதோர் அதிபர் நெப்போலியன் டுவார்ட்டேயைச் சந்தித்த அவர், போரில் வீழ்வோரைவிடத் தடுப்பூசியின்றி மடியும் குழந்தைகளே அதிகம் என்பதை எடுத்துரைத்தார். அதிபரின் இசைவு மட்டும் போதுமா? மலைப்பகுதிகள் பல கெரில்லாக்களின் பிடியில் இருந்தன. அவர்களோடு நேரடியாக உடன்படிக்கை செய்தால் அவர்களைச் சமதரப்பாக ஏற்றதாகிவிடும் என்று அரசு தயங்கியது. மருத்துவப் பணியாளர் வேடத்தில் வேவுகாரர் வருவரோ என்று ஐயுறக் கெரில்லாக்களுக்கும் காரணம் இருந்தது.

இந்த இடத்தில்தான் திருச்சபை தேவைப்பட்டது. சான் சால்வதோரின் பேராயர் அர்த்தூரோ ரிவேரா இ தாமஸ், சலேசிய சபையினர். 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றுகையில் சுட்டுக் கொல்லப்பட்ட பேராயர் ரொமேரோவுக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர். வலதுசாரிகள் அவரைச் சந்தேகித்தனர்; இடதுசாரிகளுக்கோ அவர் ரொமேரோ அளவுக்குத் துணிந்தவராகத் தோன்றவில்லை. ஆயினும் 1984 அக்டோபரில் லா பல்மா என்னும் ஊரில் அரசும் கெரில்லாக்களும் முதன்முறையாக ஒரே மேசையில் அமர்ந்தபோது இருவருக்கும் இடையில் இருந்தவர் அவரே. ரொமேரோவின் புகழ் உலகறிந்தது. 2018இல் அவர் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். ரிவேராவை நம்மில் பலர் அறியார். இது சற்று அநீதி என்றே எனக்குப் படுகிறது.

பேராயரும், யூனிசெஃபும், செஞ்சிலுவைச் சங்கத்தின் அனைத்துலகக் குழுவும் இரு தரப்பாரிடமும் தனித்தனியே பேசினர். இரு தரப்பும் சேர்ந்து கையொப்பமிட்ட ஏடு எதுவும் பிறக்கவில்லை. சொல்லே பிணையாயிற்று. யாரும் யாரையும் அங்கீகரிக்காமலே இணங்க முடிந்தது. இதற்குச் சட்ட வழியும் முன்பே இருந்தது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் நான்கிற்கும் பொதுவான மூன்றாம் பிரிவு, உள்நாட்டுப் போரிலும் நடுநிலையான மனிதநேய அமைப்பு தன் பணியை முன்வந்து அளிக்கலாம் என்கிறது. அதனால் போரிடுவோரின் சட்டநிலை மாறாது என்றும் தெளிவாக்குகிறது. சுமார் இரண்டரை இலட்சம் குழந்தைகள் அவ்வாண்டு தடுப்பூசி பெற்றனர். 1992இல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை ஆண்டுதோறும் இந்த 'அமைதி நாட்கள்' தொடர்ந்தன. பின்னாளில் வேறு நாடுகளும் இதைப் பின்பற்றின. நம் அண்டை நாடான இலங்கையிலும் 1990களில் போலியோ சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் போரை நிறுத்திவைத்த நாட்கள் உண்டு.

இத்தகைய இணக்கம் கிட்டாதபோது என்ன நேரும் என்பதற்கு பையாஃப்ரா சான்று. 1967இல் நைஜீரியாவிலிருந்து பிரிந்த அப்பகுதி முற்றுகையிடப்பட்டு, மக்கள் பசியால் மடிந்தனர். பகலில் உணவு விமானங்களை அனுமதிப்பது பற்றிய பேச்சுகள் முறிந்தன. விமானங்களைத் தான் சோதிக்க வேண்டும் என்றது நைஜீரியா. அதற்கு பையாஃப்ரா இசையவில்லை. கத்தோலிக்கரின் காரித்தாசும் சீர்திருத்த சபையினரின் அமைப்புகளும் கைகோத்து, சாவோ தோமே தீவிலிருந்து உலி என்னும் ஓடுபாதைக்கு, இருளில், அனுமதியின்றி, 5,000க்கும் மேற்பட்ட முறை பறந்தன. 1969 ஜூன் 5 அன்று செஞ்சிலுவைக் குழுவின் விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டு அதிலிருந்தோர் மாண்டனர். அந்த உதவி போரை நீட்டித்ததா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. பட்டினிக் குழந்தையைக் கண்டும் அனுமதிச் சீட்டுக்குக் காத்திராத அந்த விமானிகளைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

பேராயர் ரிவேரா இக்கலையை எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை. நெடுங்காலம் நிவாரணப் பணியாளரின் நிலையும் அதுவே. சோதனைச் சாவடியில் லாரியை மறித்து நிற்கும் துப்பாக்கிக்காரனிடம் என்ன பேசுவது என்பதை அவரவர் பட்டறிந்தே கற்றனர். 2016இல்தான் செஞ்சிலுவைக் குழு, ஐ.நா. அகதிகள் ஆணையம், உலக உணவுத் திட்டம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, மனிதநேய உரையாடல் மையம் ஆகிய ஐந்தும் இணைந்து ஜெனீவாவில் இதற்கெனவே ஒரு பயிற்சி மையத்தை நிறுவின. எதிரிலிருப்பவர் வாயால் சொல்லும் நிலைப்பாட்டின் அடியில் எந்தக் காரணமும், அதனினும் ஆழத்தில் எந்த மதிப்பீடும் கிடக்கின்றன என்று அறிதல். அவர் யார் சொல்லுக்குச் செவிசாய்ப்பார் என்று வரைந்து பார்த்தல். நடிப்பு உரையாடல்களில் பழகுதல் ஆகியவை அங்குக் கற்பிக்கப்படுகின்றன. எல் சால்வதோரில் ஆயர் இல்லத்தின் வழியே பாதை திறந்தது ஏன் என்பது இதைப் படிக்கும்போது விளங்குகிறது.

எனினும் இணக்கத்திற்கும் விலை உண்டு. 1989இல் ஐ.நா. அமைப்புகள் சூடான் அரசிடமும் தென்பகுதிப் போராளிகளிடமும் பேசித் தொடங்கிய பெரும் நிவாரணப் பணியில், எங்கே பறக்கலாம் என்னும் அனுமதி அரசின் கையில் இருந்தது. 1998இன் தொடக்கத்தில் பஹர் எல் கசல் பகுதிக்கு வாரக்கணக்கில் விமானங்கள் தடுக்கப்பட்டன. அவ்வாண்டு அங்கே பஞ்சம் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. எதுவரை விட்டுக்கொடுப்பது, எப்போது எழுந்து வெளியேறுவது? இதற்கு ஜெனீவா மையத்தின் கையேடு ஓர் ஒழுங்கு வகுத்துள்ளது. மீறக்கூடாத எல்லைக்கோட்டை வகுப்பவர் சாவடியில் நிற்கும் இளம் பணியாளர் அல்லர். அவரை அனுப்பிய நிறுவனமே அதை முன்கூட்டி வகுத்து அவரிடம் தர வேண்டும். அந்நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே.